மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளைகள் சண்டையிடும்போதும், கடன்காரர் வாசலில் நின்று ஏசும்போதும், மழை பொய்த்துப் பயிர் வாடும்போதும் இவ்வாக்கை நாம் எளிதாக எடுத்து வழங்குகிறோம். ஆனால், ஊவா மலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவனுக்கு இப்பழமொழி அத்தனை எளிதாகச் செரிப்பதில்லை. 1823ஆம் ஆண்டளவில் கோப்பித் தோட்டங்களுக்கு நம்மவர் வரத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பூமியை ஆள்வது இருக்கட்டும். தாம் குடியிருக்கும் லயத்துக் காம்பரா நிற்கும் நிலங்கூடத் தமதென்று எழுத்தில் காட்ட இயலாத குடும்பங்கள் இன்னும் பல்லாயிரம். இவர்களைவிடப் பொறுத்தவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன், பதுளையில் ஞாயிறு வேதபாட வகுப்பொன்றில் யோபுவின் பொறுமையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், பொறு பொறு என்று சொல்லித்தானே நம்மவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கூடை தூக்க வைத்தார்கள்? கடவுளை நம்பிக் காத்திருங்கள் என்று ஆலயமும் அதைத்தானே சொன்னது?” என்று கேட்டான். அவன் குரலில் அவமரியாதை இல்லை; ஆதங்கமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையாயினும் அவனுடைய தாயார் அன்று கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார். அக்கேள்வி கேட்கத் தக்கது. அதற்கு நேர்மையான விடை கூறாத விசுவாசம் அடுத்த தலைமுறையின் கையில் நிலைக்காது. ஆகையால், அவனுக்கு நான் கூறிய விடையையே இங்கே சற்று விரித்து எழுத முற்படுகிறேன்.

முதலில் யோபுவையே எடுத்துக்கொள்வோம். பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் காட்டும் அம்மனிதர் வாய்மூடிக் கிடந்தவர் அல்லர். அவர் பெயரால் அமைந்த நூலின் பெரும்பகுதி அவர் தம் நண்பரோடும் கடவுளோடும் நடத்திய வழக்கே ஆகும். தமக்கு நேர்ந்தது நியாயமன்று என்று அவர் துணிந்து முறையிட்டார். ஆயினும் எவரிடம் முறையிட்டாரோ அவரைவிட்டு அகலவில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பொறுமைக்கு வழங்கும் சொற்களுள் ஒன்று ‘ஹுப்பொமொனே’ என்பது. சுமையின் கீழும் நிலைபெயராது நிற்றல் என்பது அதன் கருத்து. ஒடுங்கிக் கிடத்தல் வேறு. நிலைபெயராது நிற்றல் வேறு. முன்னது அச்சத்தினால் வருவது. பின்னது நம்பிக்கையினால் வருவது.

இவ்வேறுபாட்டை எரேமியா தீர்க்கதரிசியின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். சிதேக்கியா அரசனுடைய பத்தாம் ஆண்டிலே, பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் வீழ்வது உறுதி என்று கூறிய குற்றத்துக்காக எரேமியா அரண்மனையின் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அப்போது அவருடைய உறவினரான அனாமெயேல் என்பவர் வந்து, ஆனதோத் ஊரில் உள்ள தம் வயலை வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். எதிரியின் படை மிதித்துக்கொண்டிருக்கும் நாட்டில், நாளை எவருக்குச் சொந்தமாகும் என்று தெரியாத வயலை யார் விலைகொடுத்து வாங்குவார்? எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், பத்திரம் எழுதினார், முத்திரையிட்டார், சாட்சிகளை ஒப்பமிடச் செய்தார். பின்னர், அப்பத்திரத்தை நெடுங்காலம் அழியாதிருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கிடம் ஒப்புவித்தார்.

இச்செய்கையில் உள்ள பொறுமையை உற்று நோக்குங்கள். அவர் வெறுமனே காத்திருக்கவில்லை. இன்று தம்மால் செய்யத்தக்க காரியத்தை, சட்டப்படி, ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டே காத்திருந்தார். அவர் கலங்காமலும் இல்லை. பத்திரத்தைக் கொடுத்தபின், நகரம் வீழப்போகிறதே, இந்நேரத்தில் வயல் வாங்கச் சொல்கிறீரே என்று கடவுளிடமே தம் திகைப்பைச் சொல்லி ஜெபித்தார். அந்த வயலில் ஏர் பூட்டும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை. பின்னாளில் அவர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அதற்குமுன் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த தம் மக்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில், மீட்புக்கு எழுபது ஆண்டுகள் செல்லும் என்று ஒளிவின்றிக் கூறினார். ஆயினும் அங்கே வீடு கட்டும்படியும், தோட்டம் நாட்டும்படியும், அந்நகரத்தின் நலத்துக்காக ஜெபிக்கும்படியும் அறிவுறுத்தினார். கடிதத்தைக் கேட்டவருள் வயதுவந்தோர் பலர் அந்த எழுபது ஆண்டின் முடிவைக் கண்டிருக்க முடியாது. தம் ஆயுளைக் கடந்தும் நிற்கவல்லதே விசுவாசப் பொறுமை.

இனி நம் மலைகளுக்கு வருவோம். நிச்சயமின்மை ஊவாவுக்குப் புதிதன்று. பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயமே அதற்கு ஒரு சாட்சி. இப்பகுதியை ஆண்ட ஆங்கில அதிகாரியான மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் இடி தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுப்பப்பட்டு 1857இல் பிரதிஷ்டை செய்யப்பட்டதே அவ்வாலயம். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதல் காணப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர் முழுவதையும் தின்று தீர்த்தது. செல்வராயிருந்த துரைமார் பலர் வெறுங்கையோடு கப்பலேறினர். அதிகாரமும் செல்வமும் உடையோருக்கும் நாளை என்பது அவர்கள் கையில் இல்லை. வேறுபாடு ஒன்றுதான்: அவர்களை என்றோ ஒரு நாள் வந்து தாக்கிய நிச்சயமின்மை, கொழுந்துக் கூடை சுமந்தவரோடு நாள்தோறும் கூடவே குடியிருந்தது.

அந்தக் குடியிருப்புகளை நாடியே நற்செய்தியும் வந்தது. 1854ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ பின்னர் தமிழ்ச் சபை மிஷன் என்று பெயர் பெற்றது. அதன் உபதேசிமார் பலர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தோட்டந்தோட்டமாகக் கால்நடையாகச் சென்று, மாலை வேளையில் லயத்து வாசலில் விளக்கேற்றி, கீர்த்தனை பாடி, எழுத்தறியாதவருக்கு எழுத்தும் கற்பித்தனர். மெதடிஸ்த சபையாரும் கத்தோலிக்க சபையாரும் இதே மலைகளில் உழைத்தனர். அச்சிறு ஆலயங்களில் மனிதருக்குப் பெயர் இருந்தது. பெரட்டுக் களத்தில் தொகையாக எண்ணப்பட்டவர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று எழுதப்பட்டார். அவ்வெழுத்து எத்துணைப் பெறுமதி உடையது என்பது பின்னரே விளங்கியது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளையும் அவ்வாறு ஒருவரை அனுப்பியது. மறு ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றது. அதே 1948ஆம் ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி, 1946ஆம் ஆண்டுக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மற்றவர் பத்தாண்டும் இடைவிடாது இலங்கையில் வசித்ததை நிரூபிக்கவேண்டும். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

என் தந்தையாரும் விண்ணப்பித்தவருள் ஒருவர். நமுனுகுலை மலையின் அடிவாரத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே கவ்வாத்து வெட்டும் தொழிலாளி அவர். அவர் பிறந்ததும் அத்தோட்டமே. ஆனால் பிறப்புப் பதியப்படவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து குருவானவர் எழுதிக் கொடுத்த நகலே அவருடைய ஒரே சாட்சி. பாட்டனார் மரணத்தின்பொருட்டு இந்தியா சென்ற குடும்பம் திரும்பிவர ஓராண்டுக்குமேல் ஆகிவிட்டதனால், வசிப்பு இடையில் அறுபட்டதென்று விண்ணப்பம் தள்ளப்பட்டது. என் தாயார் அந்த மறுப்புக் கடிதத்தையும் எறியவில்லை. பிறப்புச் சான்றுகள், அரிசிக் கூப்பன் புத்தகம், ஞானஸ்நான நகல், மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் இட்டு, கறையான் ஏறாதபடி வேப்பிலை பரப்பிக் காத்தார். “கடுதாசி நம்ம கையில இருக்கட்டும், காலம் கர்த்தர் கையில இருக்கட்டும்” என்பார். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அறியாத அவர், எரேமியா செய்ததையே தம் காம்பராவில் செய்துகொண்டிருந்தார்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றிருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. கணக்கு ஒருவாறு தீர்ந்தது, குடும்பங்கள் பிரிந்தன. என் பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். தந்தையார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். விசுவாசமுள்ளவன் எதைச் செய்யவேண்டும் என்று தோட்டத்து ஆலயத்தில் வாதம் எழுந்தது. அப்போது எங்கள் உபதேசியார் சொன்ன கருத்து இன்றும் என் நினைவில் நிற்கிறது. போகுமிடம் அறியாமலே புறப்படும்படி ஆபிரகாமுக்குக் கட்டளை பிறந்தது, பஞ்சகாலத்தில் எகிப்துக்குப் போகாமல் அத்தேசத்திலேயே தங்கும்படி அவர் மகன் ஈசாக்குக்குக் கட்டளை பிறந்தது, கட்டளையிட்டவர் ஒருவரே. ஆகவே போகிறவர் இருப்பவரையும், இருப்பவர் போகிறவரையும் குறைகூற வேண்டா என்றார் அவர்.

1971ஆம் ஆண்டில் பெரியப்பாவின் குடும்பம் புறப்பட்டது. பதுளைப் புகையிரத நிலையத்திலே அன்று எழுந்த அழுகையை எழுத்தில் வடித்தல் இயலாது. அவ்வண்டிகளுக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, முடிவில் நீலகிரி மலையில் மீண்டும் ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே அவர்கள் சேர்ந்தார்கள். வண்டி நகருமுன் பெரியப்பா, “தம்பி, நீ இங்க நட்டதைப் பாத்துக்க. நான் அங்க போய் நடுறேன்” என்றார். சகோதரர் இருவரும் பின்னர் ஒருவரையொருவர் காணவேயில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளும் இலகுவானவை அல்ல. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்கள் பட்டினி கிடந்தன. 1983 ஜூலையில் பதுளை நகரத்திலே தமிழருடைய கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. தந்தையார் 1985ஆம் ஆண்டில், எந்த நாட்டுக்கும் பிரஜையாகாமலே கண்மூடினார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக என் தாயார் உரிமை பெற்றார். முதன்முறையாக வாக்களிக்கச் சென்றபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. ஆலயத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு, தந்தையாரின் ஞானஸ்நான நகலையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அங்கே அதனை எவரும் கேட்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, எஞ்சி நின்றோருக்கும் வழி திறந்தது. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்! கர்த்தர் ஏன் இத்தனை காலம் தாமதித்தார் என்பதற்கு விடை என்னிடம் இல்லை. எரேமியாவிடமும் இல்லை, அதனாலேயே அவர் ஜெபித்தார்.

இத்தனை நெடிய காத்திருப்புக்கு வேண்டிய வலிமை எங்கிருந்து வந்தது? தந்தையாரின் தொழிலே இதற்கு விளக்கம் தருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்கிறார்கள். பச்சைப்பசேலென்று நின்ற மலை, அதன்பின் வெறும் குச்சிகளாய் நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் செடி செத்துவிட்டதென்றே எண்ணுவர். இலை ஒன்றுமில்லாத அச்செடியை மீண்டும் தளிர்க்கச் செய்வது அதன் வேரில் முன்பே சேர்ந்திருக்கும் மாச்சத்து. அச்சத்துக் குறைந்த செடி கவ்வாத்துக்குப்பின் பட்டுப்போகும். ஆதலால், வெட்டுவதற்கு முன் சில வாரங்கள் கொழுந்தெடுக்காமல் செடியை ஆறவிடும் வழக்கமும் உண்டு. வெட்டு விழுந்த பிறகு வேரைத் தேட முடியாது. நாள்தோறும் மாலையில் குடும்பமாகக் கூடிச் செய்த ஜெபமும், ஆலயத்தாரோடு கொண்ட ஐக்கியமும், அயல் காம்பராவில் நோயுற்றவருக்குக் கஞ்சி கொண்டுபோன பழக்கமும் எங்கள் பெற்றோரின் வேரில் முன்பே சேர்ந்திருந்தன. வெட்டு விழுந்தபோது அவையே அவர்களைக் காத்தன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்திலே ஊவாத் தேயிலைக்குத் தனிச் சுவையும் மணமும் உண்டாகின்றன. துன்பக் காற்றினால் மனிதனும் மணம் பெறுகிறான் என்று இதனை உவமையாகப் பிரசங்கிப்போர் உண்டு. நல்ல உவமைதான், ஆனால் அந்த மணத்தின் விலை செடிக்குப் போவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. என் துன்பத்தில் கடவுள் எனக்கு எதைக் கற்பித்தார் என்று நான் சாட்சி கூறலாம். பிறருடைய துன்பத்தைக் காட்டி, அது அவருக்கு நல்லது என்று கூறும் உரிமை எனக்கு இல்லை.

பொறுமையின் பெயரால் ஆபத்தைச் சகித்துக் கிடப்பதும் விசுவாசமாகாது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் குடியிருப்புக்குத் தகாதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மாற்றிடம் கொடுக்கப்படவில்லை. எல்லாம் தேவ சித்தம் என்று அதனை மூடிவிடுதல் தகுமோ? வரப்போகும் வெள்ளத்தைப் பற்றி எச்சரிக்கை பெற்ற நோவா, நம்பிக்கையினாலேயே பேழை கட்டினார்; நம்பிக்கையினால் படுத்துறங்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது. மலைச்சரிவில் வெடிப்புக் கண்டால் பிள்ளைகளோடு வெளியேறுவதும், பாதுகாப்பான இடத்துக்காக ஓயாது குரல் கொடுப்பதும் ஜெபத்துக்கு மாறானவை அல்ல.

இதைக் கற்றுத்தர நம் காலத்திலும் சான்றோர் இருந்தார்கள். 1972ஆம் ஆண்டில் பதுளை கத்தோலிக்க மறைமாவட்டம் உண்டானபோது, கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அடிகள் இப்பின்தங்கிய மாவட்டத்தின் முதல் ஆயராக வந்து ஏழை மக்களோடு நின்றார். அதே ஆண்டில் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தை நிறுவிய யேசு சபைக் குரு போல் கஸ்பெர்ஸ், தோட்ட மக்களின் உரிமைக்காகத் தம் ஆயுள் முழுதும் எழுதியும் பேசியும் வந்தார். 2023ஆம் ஆண்டில், முதல் வந்தோர் நடந்த வழியைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். பொறுமைக்குக் காலும் உண்டு என்பதை அந்த நடை மெய்ப்பித்தது.

இதனை வாசிக்கும் பெற்றோரும் மாணவரும் தத்தம் நிச்சயமின்மையை அறிவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கரைந்த சேமிப்பு, வெளிநாடு சென்ற மகளிடமிருந்து வராத கடிதம், பரீட்சை முடிவு, நோயின் பெயர் தெரியாத நாட்கள், கைக்கெட்டாத காணிப் பத்திரம் என ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காத்திருப்பு உண்டு. முடிவு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. இன்று செய்யத்தக்க காரியம் ஒன்று எப்போதும் உண்டு. விண்ணப்பத்தை எழுதுங்கள், மறுக்கப்பட்டால் மறுப்பையும் பத்திரப்படுத்தி மீண்டும் எழுதுங்கள். பாடத்தைப் படியுங்கள். அயலாருடைய காத்திருப்பிலும் பங்குகொள்ளுங்கள். பாட்டன் பாட்டியின் பெயரையும் அவர்கள் வந்த வழியையும் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதி வைக்கச் செய்யுங்கள். மனம் திகைத்தால் அத்திகைப்பை மறைக்காமல் கடவுளிடமே சொல்லுங்கள். அவர் அதனைக் கேட்டுச் சலிப்பவர் அல்லர்.

எரேமியா தாம் வாங்கிய வயலில் ஒரு நாளும் உழவில்லை. ஆயினும், அந்நாட்டில் மீண்டும் வீடுகளும் வயல்களும் வாங்கப்படும் என்ற வாக்கை நம்பி அவர் வைத்த பத்திரம் பாண்டத்தில் இருந்தது. காலம் தாழ்ந்தாலும், சிறையிருப்பிலிருந்து மக்கள் திரும்பி வந்தனர். ஆனதோத் ஊராரும் அவர்களோடு திரும்பினர் என்று வேதம் கணக்குக் காட்டுகிறது. நம் வீட்டுப் பெட்டியில் நாம் எதை வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம் என்பதை இந்த வாரம் ஒருமுறை திறந்து பார்ப்போமாக.